நான்கு இலக்கம், ஓர் எழுத்து

அனைவருக்கும் வணக்கம். உள்ளே வரும்போதே நூலகர் கேட்டுவிட்டார், 'குட்டி இளவரசன்' பற்றித்தானே பேசப் போகிறீர்கள் என்று. பிரெஞ்சிலிருந்து வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் தமிழாக்கிய அந்தச் சின்னப் புத்தகத்தை இங்கே பலர் படித்திருப்பீர்கள். நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. அதை எழுதிய அந்துவான் த செந்த்-எக்சுபெரி கடைசியாக ஓட்டிய விமானத்தைப் பற்றி. அது காணாமல் போனது 1944-ல். கடலடியில் கிடந்த தகரம் அதனுடையதுதான் என்று முடிவானது 2004-ல். நடுவில் அறுபது ஆண்டு.

முதலில் அந்த நாள். 1944 ஜூலை 31. கோர்சிகா தீவில் போர்கோ என்ற விமானத்தளம். காலை 8.45 மணிக்கு ஒரே ஒரு விமானம் கிளம்புகிறது. ஜெர்மானியர் பிடியில் இருந்த தென்கிழக்குப் பிரான்சை, கிரெனோபிள் பக்கத்து மலைப்பகுதியை, மேலிருந்து படமெடுத்து வர வேண்டும். விமானம் அமெரிக்காவின் லாக்ஹீட் பி-38 வகை. ஆனால் மூக்கில் துப்பாக்கிகளை எடுத்துவிட்டுக் கேமராக்களைப் பொருத்தியிருந்தார்கள். எஃப்-5பி என்று அதற்குப் பெயர். எதிரி துரத்தினால் ஓடத்தான் முடியும், திருப்பிச் சுட முடியாது. ஓட்டியவருக்கு 44 வயது. அந்த வேலைக்கான வயது வரம்பைத் தாண்டியவர். பழைய விபத்துகளால் உடம்பு இறுகிப்போய், பறக்கும் உடையைப் போட்டுக்கொள்ளவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை அது. பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் டாங்கியில் எரிபொருள் இருக்க வாய்ப்பில்லை என்பது தளத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். விமானம் வரவில்லை.

அதன் பிறகு வதந்திகள்தான். ஆல்ப்ஸ் மலையில் மோதியிருப்பார், நீஸ் நகருக்கு எதிரே கடலில் விழுந்திருப்பார், தானாகவே கடலுக்குள் இறங்கியிருப்பார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

சரி, 1998-க்கு வருவோம். செப்டம்பர் மாதம். மார்சேய் நகருக்குத் தெற்கே ரியூ தீவுப் பக்கம் ழான்-குளோத் பியாங்கோ என்ற மீனவர் இழுவலை போட்டார். மீனோடு ஒரு கறுத்த கட்டியும் வந்தது. தட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளிக் கைச்சங்கிலி. தேய்த்தபோது எழுத்து தெரிந்தது: செந்த்-எக்சுபெரியின் பெயர், பக்கத்தில் அவருடைய மனைவி கொன்சுவேலோவின் பெயர், கீழே நியூயார்க்கில் ரெய்னால் அண்டு ஹிட்ச்காக் என்ற பதிப்பகத்தின் முகவரி. 1943-ல் 'குட்டி இளவரசன்' முதன்முதலில் வெளிவந்தது அந்தப் பதிப்பகத்திலிருந்துதான்.

பெயர், மனைவி பெயர், முகவரி மூன்றும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் பலர் நம்பவில்லை. இவ்வளவு பெரிய கடலில் அவ்வளவு சின்னச் சங்கிலி வலையில் மாட்டுமா? அவர் போக வேண்டிய வழிக்கும் மார்சேய்க்கும் என்ன சம்பந்தம்? யாரோ செய்து போட்டது என்று பேச்சு கிளம்பியது. எனக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகத்தான் படுகிறது. பெயரை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். புகழ்பெற்ற பெயரென்றால் பொறிக்க ஆசைப்படுகிறவர்களும் அதிகம். பியாங்கோ பாவம், கிடைத்ததைச் சொன்னதற்கு ஏச்சு வாங்கினார்.

அப்புறம்தான் லூக் வான்ரெல் வருகிறார். மார்சேய்க்காரர், தொழில்முறை முக்குளிப்பாளர். ரியூ தீவுப் பக்கம் கடலடியில் விமானத் துண்டுகள் சிதறிக் கிடப்பதை ஏற்கெனவே பார்த்தவர். போர்க்காலத்தில் விழுந்த விமானங்கள் அந்தக் கடலில் நிறைய உண்டு என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சங்கிலிச் செய்தி வந்த பிறகு மறுபடி இறங்கினார். 2000-ல் இது பி-38 என்று அறிவித்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பது சுவையான இடம். பி-38-க்கு இரண்டு இன்ஜின். ஒவ்வொன்றின் பின்னாலும் வால்வரை ஒரு நீண்ட உடல் போகும். விமானி நடுவில் ஒரு சின்னக் கூட்டுக்குள் இருப்பார். உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், இன்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்க டர்போ சூப்பர்சார்ஜர் என்ற சுழலி அந்த நீண்ட உடலின் முதுகில் உட்கார்ந்திருக்கும். வான்ரெல் அந்தச் சுழலிப் பகுதியையும் சக்கரக் காலின் அமைப்பையும் பழைய தொழிற்சாலைப் படங்களோடு ஒப்பிட்டார். பி-38-ல் பிற்காலத்தில் வந்த ஜே வகை உடற்கட்டு அது. எஃப்-5பி அந்த உடற்கட்டில்தான் செய்யப்பட்டது. அந்தக் கரையோரம் காணாமற்போனவற்றில் அப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆனாலும் வகை தெரிந்தால் போதாது. நம் ஊரில் சாலையோரம் ஒரு நொறுங்கிய அம்பாசடர் கிடந்தால், அம்பாசடர் என்று சொல்வது சுலபம். யாருடையது என்று சொல்ல எண் வேண்டுமே.

கடலடித் தொல்பொருளைத் தொட அரசு அனுமதி வேண்டும். அதற்கே 2003 ஆகிவிட்டது. அந்த இலையுதிர் காலத்தில் சில துண்டுகளை மேலே தூக்கினார்கள். மேலே சுண்ணாம்புப் படிவும் சிப்பியும். பழைய விமானங்களை அடையாளம் காண்பதில் கைதேர்ந்த ஃபிலிப் கஸ்தெல்லானோவின் குழு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுரண்டியது. டர்போவின் உறையில் உளியால் அடித்தது போல நான்கு இலக்கமும் ஓர் எழுத்தும் தெரிந்தன: 2734 எல். எல் என்றால் இடப்பக்கம்.

2734 என்பது லாக்ஹீட் தன் ஆலையில் கொடுத்த எண். அமெரிக்கப் படை கொடுத்த எண் வேறு. இரண்டையும் பொருத்திக் காட்டும் பதிவேடு இருக்கிறது. அதில் 2734-க்கு நேரே 42-68223 என்று நிற்கிறது. 1944 ஜூலை 31 அன்று போர்கோவிலிருந்து கிளம்பியது 42-68223. முடிந்தது கதை.

எனக்கு இதில் பிடித்தது இதுதான். வெள்ளியில் அழகாகப் பொறித்த பெயரைச் சந்தேகித்த உலகம், கலிபோர்னியாவில் பெயர் தெரியாத ஒரு தொழிலாளி உறை மாறிவிடக் கூடாதே என்று குத்திவைத்த எண்ணை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அந்த ஆளுக்கு இதை யார் ஓட்டப் போகிறார் என்று தெரியாது, யாரையும் நம்பவைக்கும் எண்ணமும் கிடையாது. 2004 ஏப்ரலில் அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். சங்கிலியும் உண்மையானதே என்பது அதற்குப் பிறகுதான் ஊருக்கு உறைத்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதே இடத்தில் ஒரு ஜெர்மன் இன்ஜினும் கிடந்தது. இரண்டும் மோதிக்கொண்டனவோ என்று முதலில் நினைத்தார்கள். ஜெர்மன் ஆய்வாளர் லீனோ ஃபோன் கார்ட்சனும் வான்ரெல்லும் சேர்ந்து அதன் வழியையும் தேடினார்கள். அது 1943 டிசம்பரிலேயே விழுந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தினுடையது. ஓட்டியவர் அலெக்சிஸ் சு பென்ட்ஹைம் உண்ட் ஷ்டைன்ஃபுர்ட், பிரபுக் குடும்பத்து வாரிசு, 21 வயது. ஆமாம், நிஜமாகவே ஓர் இளவரசர். கதையில் எழுதினால் எழுத்தாளரைத் திட்டுவோம்.

தேடல் அதோடு நிற்கவில்லை. பழைய ஜெர்மன் விமானிகளை விசாரித்துக்கொண்டே போனதில் ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்பவர் கிடைத்தார். போருக்குப் பிறகு தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவர். அன்று அங்கே ஒரு பி-38-ஐச் சுட்டு வீழ்த்தியது தான்தான் என்று 2008-ல் சொன்னார். செந்த்-எக்சுபெரியின் எழுத்தை விரும்பிப் படித்தவராம், யாரென்று தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டாராம். பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு ஒட்டவில்லை. அவர் சொன்னதைத் தாங்கும் ஜெர்மன் ஆவணம் எதுவும் இல்லை. அறுபது ஆண்டு கழித்து வந்த வாய்மொழி அது. தூக்கிய துண்டுகளில் குண்டு துளைத்த அடையாளமும் கிடையாது. அதற்காக அவர் சொன்னது பொய் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. மேலே வந்தது விமானத்தில் ஒரு சிறு பகுதிதான், மிச்சம் இன்னும் ரியூ தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் கிடக்கிறது.

வந்த துண்டுகள் பாரிசுக்கு அருகே லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பாருங்கள்.