வதீர் நீர்நிலையில் முறிந்த உடன்படிக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

கி.பி. 630 ஜனவரியில் நபிகள் நாயகம் அவர்களின் தலைமையில் 10,000 பேர் மக்காவுக்குள் நுழைந்தார்கள். ஓரிடத்துச் சிறு மோதலைத் தவிரப் பெரிய சண்டை ஏதும் நடக்கவில்லை. இதை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அந்தப் படை புறப்பட்டதற்கு உடனடிக் காரணம் எது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குஸாஆ, பனூ பக்ர் என்ற இரண்டு குலங்களுக்கிடையே ஒரு பழைய கொலைக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில்தான் மக்காவில் வாழ்ந்த, நபிகளின் சொந்தக் குலமான குறைஷியர் சிக்கிக்கொண்டார்கள். எப்படிச் சிக்கினார்கள் என்று பார்த்தால், அன்றைய அரபு வாழ்க்கையில் குலக் கூட்டணி எப்படி இயங்கியது என்பது தெளிவாகிவிடும்.

அன்று மக்கா அமைந்த மேற்கு அரேபியாவான ஹிஜாஸில் அரசன் இல்லை, காவலர் இல்லை, வழக்குமன்றம் இல்லை. ஒருவனைக் கொல்லக் கை ஓங்குபவன் தயங்கினால், இவனுக்காகப் பழிவாங்க எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணித்தான் தயங்கினான். பிறப்பால் வரும் ஆதரவு போதாதபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஹில்ஃப். சத்தியம் செய்து இரு தரப்பும் இணையும் உடன்படிக்கை அது. இன்னொன்று ஜிவார். ஒரு தனி மனிதர் இன்னொருவருக்கு ஊரறியக் கொடுக்கும் அடைக்கலம்.

ஹில்ஃப் செய்துகொண்டவர் குலத்துக்குள் வந்துவிடுவார். ஆனால் சரிசமமாக அல்ல. பின்னாளில் மதீனா என்று பெயர் பெற்ற யத்ரிபில், குலத்தில் பிறந்தவர் கொல்லப்பட்டால் இரத்த ஈடு, அதாவது கொலைக்கு ஈடாக அவர் தரப்புக்குக் கொடுப்பது, 10 ஒட்டகம். உடன்படிக்கையால் சேர்ந்தவருக்கு 5. கஸ்ரஜ் தலைவர் மாலிக் பின் அஜ்லானிடம் அப்படிச் சேர்ந்திருந்த ஒருவரை, அவ்ஸ் குலத்து ஸுமைர் கொன்றபோது, அவ்ஸ் தரப்பு வழக்கப்படி 5 தர முன்வந்தது. மாலிக் 10 கேட்டார். மீதி 5 ஒட்டகத்துக்காக இரு குலங்களும் போரில் இறங்கின. கடைசியில் நடுவராக வந்தவர், இந்த ஒருமுறை முழுத் தொகை, இனிமேல் பழைய வழக்கப்படி பாதி என்று தீர்த்துவைத்ததாக மரபு சொல்கிறது. ஒட்டகத்தின் விலைக்காக அவர்கள் மோதவில்லை. தம்மை நம்பி வந்தவரைத் தம் ஆளாகவே ஊர் மதிக்கிறதா என்பதே அவர்களுக்கு இருந்த கேள்வி.

ஜிவாருக்கும் வரம்பு உண்டு. தம்மைக் காத்துவந்த பெரிய தந்தை அபூதாலிப் இறந்த பின் தாயிஃப் என்ற ஊருக்குச் சென்று கல்லடி பட்டுத் திரும்பிய நபிகள் நாயகம் அவர்கள், பாதுகாப்பு இல்லாமல் மக்காவுக்குள் நுழைய முடியவில்லை. முதலில் அக்னஸ் பின் ஷரீக்கிடம் ஆள் அனுப்பினார்கள். நானே உடன்படிக்கையால் இங்கே ஒட்டியிருப்பவன், பிறப்பால் குறைஷியான ஒருவருக்கு எதிராக அடைக்கலம் தர எனக்கு உரிமையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்து ஸுஹைல் பின் அம்ரு: என் கிளை, நீங்கள் சேர்ந்த கஅப் கிளைக்கு எதிராக அடைக்கலம் தருவதில்லை என்றார். இரண்டும் சாக்குப்போக்கு அல்ல, நடைமுறையில் இருந்த விதிகள். மூன்றாவதாக நவ்ஃபல் கிளையின் முத்இம் பின் அதீ ஒப்புக்கொண்டார். தாமும் தம் பிள்ளைகளும் ஆயுதம் தரித்துக் கஅபா வளாகத்தில் நின்று அதை அறிவித்தார். அவர் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தவர். ஆயினும் பின்னர் குறைஷியரோடு நடந்த பத்ருப் போரின் கைதிகளைப் பற்றிப் பேசும்போது, முத்இம் உயிரோடிருந்து கேட்டிருந்தால் இவர்களை அவருக்காக விட்டிருப்பேன் என்று நபிகள் சொன்னார்கள். அந்தச் சமூகம் ஓர் அடைக்கலத்தை எவ்வளவு காலம் நினைவில் வைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி அந்தக் கொலைக் கணக்குக்கு வருவோம். பனூ பக்ர் குலத்தின் தீல் கிளையில் அஸ்வத் பின் ரஸ்ன் என்பவரோடு உடன்படிக்கையில் இருந்த ஒரு வணிகர் குஸாஆ நிலத்தைக் கடந்து சென்றார். குஸாஆவினர் அவரைக் கொன்று சரக்கை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு பக்ர் தரப்பு ஒரு குஸாஆக்காரரைக் கொன்றது. இஸ்லாம் வருவதற்குச் சற்று முன், மக்காவைச் சுற்றிய புனித எல்லையான ஹரமின் எல்லைக் கற்களின் அருகே அரஃபாவில், அஸ்வதின் மூன்று மகன்களைக் குஸாஆவினர் கொன்றார்கள். அந்தக் குடும்பம் சாதாரணமானதல்ல. மற்றவர்களுக்கு ஒரு பங்கு இரத்த ஈடு என்றால் இவர்களுக்கு இரண்டு பங்கு. அப்படிப்பட்ட மூவரின் கணக்கு தீராமலே நின்றது.

628இல் மக்காவுக்கு அருகிலுள்ள ஹுதைபிய்யாவில் குறைஷியரும் முஸ்லிம்களும் பத்தாண்டுப் போர்நிறுத்தம் செய்துகொண்டார்கள். விரும்பும் குலம் எந்தத் தரப்போடும் சேரலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. குஸாஆ உடனே நபிகளின் பக்கம் சேர்ந்தது. அவர்களுக்கும் நபிகளின் பாட்டனார் அப்துல் முத்தலிபுக்கும் பழைய ஹில்ஃப் இருந்தது. அதற்கு முன்பே, குறைஷியரை மக்காவில் குடியமர்த்திய குஸைய் மணந்தது குஸாஆத் தலைவரின் மகளை. எதிரி அங்கே சேர்ந்ததால் பனூ பக்ர் குறைஷியரோடு சேர்ந்தது. இதே பனூ பக்ரோடு குறைஷியருக்கும் ஒரு கொலைப்பகை இருந்ததை இங்கே மறக்கக்கூடாது. 624இல் பத்ருக்குக் கிளம்பும்போது, பக்ர் பின்னாலிருந்து தாக்குமோ என்று குறைஷியர் தயங்கினார்கள். நாலே ஆண்டில் அவர்கள் கூட்டாளிகள்.

என் கணிப்பில் குறைஷியரின் பெரிய தவறு இதுதான். கூட்டாளியைச் சேர்க்கும்போது அவன் தீர்க்காத பகையும் சேர்ந்தே வரும். பக்ரின் கணக்கு முதலில் ஈடு கொடுத்துத் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. போர்நிறுத்தம் வழிகளைத் திறந்தது, குஸாஆவினர் காவலைத் தளர்த்தினார்கள், பக்ருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

இரண்டாண்டு முடிவதற்குள், மக்காவின் கீழ்ப்புறத்தில் வதீர் என்ற நீர்நிலையில் தங்கியிருந்த குஸாஆவினரை பக்ர் தரப்பின் நவ்ஃபல் பின் முஆவியாவின் ஆட்கள் இரவில் தாக்கினார்கள். குறைஷியர் ஆயுதம் கொடுத்தார்கள். சிலர் இருட்டின் மறைவில் தாங்களே சண்டையிட்டார்கள். துரத்திக்கொண்டே ஹரம் எல்லைக்குள் வந்ததும் பக்ர் ஆட்களே தயங்கினார்கள். ஹரமுக்குள் இரத்தம் சிந்தக்கூடாது என்பது எல்லாக் குலங்களுக்கும் பொதுவான விதி. நவ்ஃபல் கேட்கவில்லை. குஸாஆவினர் ஓடி மக்காவிலிருந்த தங்கள் குலத்தவரான புதைல் பின் வரகாவின் வீட்டில் புகுந்தார்கள்.

குஸாஆவின் அம்ரு பின் ஸாலிம் மதீனா சென்று, பள்ளிவாசலில் மக்கள் நடுவே நின்று, தந்தையர் காலத்து ஹில்ஃபை நினைவூட்டிக் கவிதையாக முறையிட்டார். உனக்கு உதவி உண்டு என்று நபிகள் அங்கேயே சொன்னார்கள். சில அறிவிப்புகளின்படி குறைஷியருக்கு மூன்று வழிகள் வைக்கப்பட்டன: இறந்தவர்களுக்கு இரத்த ஈடு கொடுங்கள், அல்லது தாக்கிய கிளையோடு உள்ள உடன்படிக்கையை முறியுங்கள், இரண்டும் இல்லையென்றால் போர்நிறுத்தம் முடிந்தது. முதல் வழியில் ஒட்டகங்களும், இரண்டாவதில் ஒரு கூட்டாளியும் போயிருக்கும், அவ்வளவே. குறைஷியர் இரண்டையும் ஏற்கவில்லை.

பிறகு பதறி, குறைஷித் தலைவர் அபூ ஸுஃப்யான் மதீனாவுக்குப் புறப்பட்டார். நபிகளிடம் முறையிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட புதைல், தான் மதீனா போகவில்லை என்றார். அவர் அகன்றதும் அபூ ஸுஃப்யான் ஒட்டகச் சாணத்தை உடைத்துப் பார்த்தார். உள்ளே பேரீச்சங்கொட்டை. மதீனாவின் தீவனம் அது. மதீனாவில் நபிகளின் நெருங்கிய தோழர்களான அபூபக்ர், உமர், அலீ மூவரும் கைவிரித்தார்கள். கடைசியில் பள்ளிவாசலில் நின்று, எல்லாருக்கும் நடுவே நான் அடைக்கலம் அறிவிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். முஹம்மத் அதை ஏற்றாரா என்று குறைஷியர் கேட்டார்கள். இல்லை என்றார். இரு தரப்பும் ஏற்காத அடைக்கலம் வெறும் பேச்சு என்பது அவர்களுக்கும் தெரியும்.

மக்காவுக்கு வந்த படையில் முஸைனா குலத்தார் மட்டும் ஆயிரம் பேர், அஸ்லம் 400, கிஃபார் 400. ஒவ்வொரு குலமும் தன் கொடியோடு வந்தது.

மக்கா பணிந்த மறுநாளே குஸாஆவினர் இன்னொரு பழைய கணக்கை எடுத்தார்கள். தங்கள் ஆளை முன்பு கொன்ற ஹுதைல் குலத்தவர் ஒருவரை ஊருக்குள் கண்டு கொன்றுவிட்டார்கள். குஸாஆக்களே, கொலையிலிருந்து கையை எடுங்கள், கொன்றது போதும் என்று நபிகள் கண்டித்தார்கள். இனி யாராவது கொல்லப்பட்டால் அவருடைய குடும்பம் கொலையாளியின் உயிரைக் கேட்கலாம், அல்லது இரத்த ஈட்டைப் பெறலாம் என்று அறிவித்தார்கள். ஹுதைல்காரருக்கான ஈட்டைக் குஸாஆவிடம் விட்டுவைக்காமல் தாங்களே கொடுத்தார்கள். 100 பெண் ஒட்டகங்கள் என்று நபிகளின் வரலாற்றை எழுதிய இப்னு ஹிஷாம் குறித்திருக்கிறார்.