ஊர்ப் பத்திரிகை இல்லாத ஊர்

(நியூ ஜெர்சியில் தமிழ்ச் சங்க விழாவையொட்டி நூலக அரங்கில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றதால் பேசியபடியே தந்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, சங்கத்தின் செயலாளர், பொருளாளர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, பிலடெல்ஃபியாவிலிருந்து இந்த மழையிலும் தானே கார் ஓட்டி வந்திருக்கும் எங்கள் மூத்தவர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு பேருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் இந்த நூலகத்தின் தலைமை நூலகர். அரங்கை வாடகை வாங்காமல் கொடுத்தார், அதோடு நாற்காலி போடவும் கூட நின்றார். இன்னொருவர் முன் வரிசையில் இருக்கும் நம் டவுன்ஷிப் கவுன்சில் உறுப்பினர். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்தில் நம் கல்லூரிப் பெண் ஒருத்தி காதோடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டுக் கேட்கிற காலம் இது இல்லை. ஆனாலும் வந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். பேச்சின் கடைசியில் அவரிடம் ஒரு வேலையும் இருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அமெரிக்காவில் செய்தியை ஏன் யாரும் நம்புவதில்லை என்பது. மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்று வந்தேன். நம்பிக்கை எப்படிப் போனது, போனதால் யாருக்கு லாபம், கைபேசியும் சமூக ஊடகமும் இதில் என்ன செய்தன. நேரம் இருக்கிற அளவுக்குப் பார்ப்போம்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்துக் கலைஞர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறவன். பழமொழி அவர்களைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர்ச் சண்டையை வேடிக்கையாக்கிக் காசு பார்க்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று இந்தப் பழமொழியைப் பல தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், செய்தியை நம்புகிறீர்களா என்று பல ஆண்டுகளாக மக்களைக் கேட்டு வருகிறது. 1976-ல் நூற்றுக்கு 72 அமெரிக்கர்கள் பத்திரிகை, டிவி, ரேடியோ சொல்வதை நம்புவதாகச் சொன்னார்கள். 2025-ல் 28 பேர். கட்சிவாரியாகப் பிரித்தால் இன்னும் மோசம்: டெமாக்ரட்டுகளில் 51, ரிபப்ளிகன்களில் வெறும் 8. ஒரே நாடு, ஒரே செய்தி. ஒரு கட்சியில் பாதிப் பேருக்கு அது வேதம், இன்னொரு கட்சிக்கு அது விஷம்.

அந்தக் காலத்தில் மூன்றே மூன்று டிவி நிறுவனங்கள். சி.பி.எஸ்.ஸில் வால்டர் கிராங்கைட் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தி வாசித்தார். 1968-ல் வியட்நாம் போய் வந்து, இந்தப் போர் முட்டுச் சந்தில் நிற்கிறது என்று அவர் சொன்னபோது இரண்டு கட்சிக்காரர்களும் காது கொடுத்தார்கள். ஆனால் அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் நெவார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் 1967-ல் இனக் கலவரம் நடந்த பிறகு, ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968-ல் அறிக்கை கொடுத்தது. பத்திரிகைகள் வெள்ளையர் கண்ணால் மட்டுமே நாட்டைப் பார்க்கின்றன என்று அதில் எழுதியிருக்கிறது. அன்றைய நம்பிக்கையிலும் பாதி, வாய் திறக்க இடமில்லாதவர்களின் மௌனம்தான்.

அப்புறம் பத்திரிகைகள் தாங்களாகவே இழந்தது. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்ற பேச்சைப் போதிய அளவு சோதிக்காமல் போட்டுவிட்டோம் என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே மாதம் வாசகர்களுக்கு எழுதியது. அதற்குள் போர் தொடங்கி ஓராண்டு ஆகிவிட்டது. அதே வருடம் செப்டம்பரில், ஜார்ஜ் புஷ்ஷின் ராணுவச் சேவை பற்றிய சில தாள்களை சி.பி.எஸ். காட்டியது. அவை உண்மையானவை என்று நிரூபிக்க அதனால் முடியவில்லை. இதையெல்லாம் பார்த்தவன் நம்பிக்கை இழந்தால் அவனை முட்டாள் என்று சொல்லக் கூடாது. இதை டெமாக்ரட் நண்பர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன்.

இனி லாபக் கணக்கு. ஒரு விவகாரத்தில் இரண்டு தரப்பையும் காட்ட வேண்டும் என்று ரேடியோவுக்கும் டிவிக்கும் 1949 முதல் ஒரு விதி இருந்தது. 1987-ல் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. அதை எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடு முழுக்க ரேடியோவில் பேசத் தொடங்கினார். 1996-ல் எம்.எஸ்.என்.பி.சி., ஃபாக்ஸ் நியூஸ் என்ற இரண்டு கேபிள் செய்திச் சேனல்கள் வந்தன. எல்லாம் அந்த விதி போனதால் வந்த வினை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கேபிள் செய்திச் சேனல்களை அந்த விதி கட்டுப்படுத்தியதே இல்லை. விஷயம் வியாபாரத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் பிடித்ததைக் காட்டுவதைவிட, கோபமாக இருக்கும் ஒரு சிறு கூட்டத்தை இரவெல்லாம் திரை முன்னால் உட்கார வைப்பது லாபம் என்று கேபிள்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

2020 நவம்பர் 3 இரவு. அரிசோனாவில் பைடன் ஜெயித்துவிட்டார் என்று ஃபாக்ஸ் நியூஸ் எல்லோருக்கும் முந்திச் சொன்னது. கடைசியில் அது சரியாகவும் இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த டிரம்ப் ஆதரவாளர்களுக்கு ஆத்திரம். பலர் நியூஸ்மேக்ஸ் என்ற இன்னொரு வலதுசாரிச் சேனல் பக்கம் போனார்கள். அடுத்த வாரங்களில் டொமினியன் ஓட்டு இயந்திரங்களில் மோசடி என்ற பேச்சு ஃபாக்ஸ் திரையில் ஓடியது. இயந்திரங்களைச் செய்த டொமினியன் நிறுவனம் ஃபாக்ஸ் மேல் வழக்குப் போட்டது. நிகழ்ச்சி நடத்தியவர்களே அந்தப் பேச்சைத் தங்களுக்குள் நம்பவில்லை என்பது அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய குறுஞ்செய்திகளில் இருந்தது, அது நீதிமன்றத்துக்கும் வந்தது. 2023 ஏப்ரலில், விசாரணை தொடங்க வேண்டிய நாளில், ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உண்மையைச் சொன்னதற்குக் கூட்டம் கலைந்தது. டெமாக்ரட் பக்கமும் இப்படித்தான். 2024 தேர்தலில் யாரையும் ஆதரித்து எழுதுவதில்லை என்று வாஷிங்டன் போஸ்ட் முடிவு செய்ததும், சுமார் இரண்டரை லட்சம் பேர் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த முடிவின் மேல் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் அதனால் வயிற்றில் அடி வாங்கியது நிருபர்கள்.

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் எல்லோருக்கும் தெரியும். ரயிலிறங்கி நெவார்க் அவென்யூவில் தோசை சாப்பிடப் போகாத தமிழர் இங்கே யார்? அந்தச் சதுக்கத்துக்குப் பெயர் கொடுத்தது ஜெர்சி ஜர்னல் என்கிற பத்திரிகை. 1867-ல் தொடங்கியது. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி நின்றுவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நம் மாநிலத்தின் பெரிய பத்திரிகையான ஸ்டார்-லெட்ஜரும் காகிதத்தில் வருவதை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போனது. அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இதைப் பற்றி ஒருவர் எழுதிப் பார்த்தீர்களா? வாஷிங்டன் சண்டையைப் பற்றி மட்டும் ஆளுக்கு ஒரு வீடியோ அனுப்பினோம்.

நாடு முழுக்க இதே கதை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறது. 2005-லிருந்து 3,200-க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. உள்ளூர்ச் செய்தி தருகிற ஒரு நிறுவனம்கூட இல்லாத கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள், இருநூறுக்கு மேல். வரி வரியாக வரும் சிறு விளம்பரம் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பர இணையதளத்துக்குப் போனது, மீதி விளம்பரம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனது. மிச்சமிருந்த பத்திரிகைகளில் பலவற்றை முதலீட்டு நிறுவனங்கள் வாங்கி ஆட்களைக் குறைத்தன.

இப்போது ஒரு கதை. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்குவதில்லை.

கன்சாஸ் மாநிலத்தில் மேரியன் என்று ஒரு சின்ன ஊர், இரண்டாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். அங்கே மேரியன் கவுண்டி ரெக்கார்ட் என்று ஒரு வாரப் பத்திரிகை, புதன்கிழமை தோறும் வரும். ஆசிரியர் எரிக் மேயர். பெரிய ஊர்ப் பத்திரிகையில் வேலை பார்த்து, பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். வெளியூர்க் கம்பெனி கைக்குப் போய்விடக் கூடாது என்று அவர் குடும்பமே 1998-ல் பத்திரிகையை வாங்கியது. அவருடைய அம்மா ஜோன் மேயர், இணை உரிமையாளர். 98 வயது. எத்தனையோ காலம் அதே பத்திரிகையில் எழுதியவர்.

2023 ஆகஸ்டில் ஊர் உணவகக்காரர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு தகவல் வந்தது. உடனே அச்சில் ஏற்றினார்களா? இல்லை. அரசு இணையதளத்தில் சரிபார்த்தார்கள். தகவல் உண்மை. ஆனாலும் அதைக் கொடுத்தவரின் நோக்கம் சரியாகப் படவில்லை என்று போடாமல் விட்டு, போலீசுக்குச் சொன்னார்கள். கவனியுங்கள், கையில் உண்மை இருந்தும் போடவில்லை! அதே பத்திரிகை ஊரின் புதிய போலீஸ் தலைவருடைய பழைய வேலை பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. போலீஸ் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்து கம்ப்யூட்டர், செல்போன் எல்லாவற்றையும் அள்ளியது. ஒரு கூட்டம் நேரே எரிக் மேயர் குடும்பத்து வீட்டுக்குப் போனது. உள்ளே ஜோன் அம்மா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே வாட்டசாட்டமாகப் போலீஸ்காரர்கள். வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. தொண்ணூற்றெட்டு வயதுக் கிழவி குரலை உயர்த்தி, என் வீட்டை விட்டு வெளியே போங்கள் என்கிறார்! அந்தக் காட்சியைப் பார்த்தபோது, தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் அப்படி ஒரு பாட்டி உண்டே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று இரவு அவரால் சாப்பிடவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. மறுநாள் சனிக்கிழமை இறந்துபோனார்.

அம்மாவை இழந்த மகன், கம்ப்யூட்டர் இல்லாத அலுவலகம், புதன்கிழமைக்கு நாலே நாள். கிடைத்த பழைய இயந்திரங்களை வைத்து ராத்திரி முழுக்க வேலை செய்தார்கள். புதன்கிழமை பத்திரிகை வந்தது. பறித்தார்கள், ஆனால் வாயை அடைக்க முடியவில்லை என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தலைப்பு. அதே புதன்கிழமை, போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் சோதனை உத்தரவை விலக்கிக்கொண்டார். போலீஸ் தலைவர் அக்டோபரில் பதவி விலகினார். நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா அனுப்பினார்கள். பெரும்பாலும் ரிபப்ளிகனுக்கே ஓட்டுப் போடும் கவுண்டி அது. சந்தா அனுப்பியவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.

ஏன் இதை இவ்வளவு நீளமாகச் சொன்னேன்? ஊர்ப் பத்திரிகை எழுதுவதை நாமே சோதித்துப் பார்க்கலாம். கவுன்சில் கூட்டத்தைத் தப்பாக எழுதினால், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் மறுநாள் ஆசிரியரைக் கடைத்தெருவில் பிடித்துத் திட்டலாம். திட்ட முடிகிற இடத்தில்தான் நம்பிக்கை வளரும். வாஷிங்டனிலிருந்து வரும் செய்தியை நீங்களும் நானும் எப்படிச் சோதிப்பது? முடியாது. அதனால் யார் நம் கட்சி என்று பார்த்து நம்புகிறோம். பியூ ஆய்வு மையம் 2024-ல் கேட்டபோது, உள்ளூர் நிருபர்கள் சரியாகத்தான் எழுதுகிறார்கள் என்று நூற்றுக்கு 71 பேர் சொன்னார்கள். ஆனால் முந்தைய ஓராண்டில் உள்ளூர்ச் செய்திக்குக் காசு கொடுத்தவர்கள் 15 பேர்.

கலிஃபோர்னியாவில் பெல் என்ற ஊரில், ஏழைத் தொழிலாளர்கள் வாழும் இடம், நகர நிர்வாகி வருடத்துக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். 2010-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதும்வரை ஊருக்குத் தெரியாது. பத்திரிகை மூடிய ஊர்களில் நகராட்சி வாங்கும் கடனுக்கு வட்டியே கூடுகிறது என்று நிதித்துறை ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இதை யோசியுங்கள். நம் வீட்டுக்குப் பின்னால் வேர்ஹவுஸ் வரப்போவது, லாரி வந்து நின்ற பிறகுதானே தெரிகிறது?

அதே கலிஃபோர்னியாவில், பாம் ஸ்பிரிங்ஸ் ஊரின் டெசர்ட் சன் பத்திரிகை 2019 ஜூலை மாதம் ஒரு சோதனை செய்தது. கருத்துப் பக்கத்தில் தேசிய அரசியலே கிடையாது. ஊர்ப் போக்குவரத்து, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது, இவைதான். மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதை இன்னொரு ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்சிப் பிளவு மறைந்துவிடவில்லை. ஆனால் அந்த இன்னொரு ஊரில் வளர்ந்த வேகத்தில் பாம் ஸ்பிரிங்ஸில் வளரவில்லை. ஒரே மாதத்தில் இது! ஊர் இரண்டுபட்டால்தானே கூத்தாடிக்குக் கொண்டாட்டம்? ஊரைப் பற்றிப் பேச ஒரு திண்ணை இருந்தால் ஊர் அவ்வளவு சீக்கிரம் இரண்டுபடாது.

நம் மாநிலம் இதில் முன்னோடி என்பதைக் கவுன்சில் உறுப்பினர் முன்னால் பெருமையாகச் சொல்கிறேன். உள்ளூர்ச் செய்திக்கு அரசுப் பணத்தில் உதவ ஒரு கூட்டமைப்பை 2018-லேயே சட்டம் போட்டு அமைத்தது நியூ ஜெர்சி. அரசு பணம் கொடுத்தால் பத்திரிகை அடங்கிப்போகாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சந்தாதாரர்கள் இல்லாத பத்திரிகைதான் யாருக்காவது அடங்க வேண்டியிருக்கும்.

சமூக ஊடகம் என்று மூன்றாவதாக ஒன்று சொன்னேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை அடுத்த கூட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பேசட்டும், அவர்களுக்குத்தான் அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

வாசலுக்கு இடது பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். நம் பக்கத்து ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் வாரப் பத்திரிகைகளின் சந்தாப் படிவம் அங்கே இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு தாள்: மாதா மாதம் கவுன்சில் கூட்டத்துக்கும் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்கும் யார் யார் போய் உட்காருவது என்று பெயர் எழுத. ரிபப்ளிகன் ஒருவர், டெமாக்ரட் ஒருவர் என்று ஜோடியாகப் போங்கள், திரும்பி வந்து பார்த்ததைச் சேர்ந்து எழுதுங்கள். நூலகப் பலகையில் ஒட்ட நூலகர் அம்மா சம்மதித்துவிட்டார். கவுன்சில் உறுப்பினருக்கான வேலை இதுதான்: கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலையும் கணக்குத் தாள்களையும் முன்கூட்டியே நம் ஆட்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். தலையசைக்கிறார், பாருங்கள். முதல் கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு. என் காரில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.