லெபனான் கொடுத்த இடமும் கொடுக்காத காகிதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அகதிகள் பற்றிப் பேச்சு வந்தால் ஜெர்மனி, கனடா என்று பெரிய நாடுகளைத்தான் சொல்கிறோம். இன்று நான் லெபனானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. 2011இல் பக்கத்து நாடான சிரியாவில் போர் மூண்டது. 2014 ஏப்ரலுக்குள் லெபனானில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்த சிரியர்கள் மட்டும் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். உள்ளூர்க்காரர் நாலைந்து பேருக்கு ஓர் அகதி. அப்படி ஒரு சுமையை எந்தப் பெரிய நாடும் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை.

முதல் சில ஆண்டுகள் எல்லை திறந்தே இருந்தது. ஊர்க்காரர்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். அரசுப் பள்ளிகள் சிரியப் பிள்ளைகளுக்காக மதியத்துக்கு மேல் இரண்டாம் ஷிப்ட் நடத்தின. இதை மறந்துவிட்டு லெபனானைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆனால் அந்த நாட்டுக்குப் பழைய பயம் ஒன்று உண்டு. 1948இல் பாலஸ்தீனர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் வந்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளில் பலர் இன்றும் முகாம்களில்தான் இருக்கிறார்கள். அங்கே அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம் என்பது எழுதாத ஒப்பந்தம். அந்தக் கணக்கு கலைந்துவிடும் என்றே 1932க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தவில்லை. பதினைந்து ஆண்டுகள் உள்நாட்டுப் போரையும் பார்த்தாயிற்று. வந்த சிரியர்களில் பெரும்பாலோர் சுன்னிகள். அவர்களும் தங்கிவிட்டால் அந்தக் கணக்கு கலையும் என்று அரசு எடுத்த முடிவு: சிரியர்களுக்கு முகாமே கிடையாது.

முகாம் இல்லையென்றால் எங்கே தங்குவது? பெக்கா பள்ளத்தாக்கில் வயலில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து, மரச்சட்டம் நட்டு, தார்ப்பாய் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். சரி, சுவராவது எழுப்பலாம் என்றால் அதற்கும் தடை. 2019இல் அர்சால் என்ற எல்லை ஊரில் அகதிகள் எழுப்பிய கான்கிரீட் சுவர்களை இடிக்க உத்தரவு வந்தது. நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

2015இல் பிடி இறுகியது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 200 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். மே மாதம் ஐ.நா. ஆணையம் புதிதாக யாரையும் பதியக் கூடாது என்றும் அரசு சொல்லிவிட்டது. தார்ப்பாய்க் குடும்பத்துக்கு 200 டாலர் எங்கிருந்து வரும்? அனுமதி இல்லாத ஆண்கள் சோதனைச் சாவடிக்குப் பயந்து கூடாரத்திலேயே அடைந்து கிடந்தார்கள். பிள்ளைகளைச் சாவடியில் அதிகம் நிறுத்த மாட்டார்கள் என்பதால் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். எனக்குப் பொறுக்க முடியாத இடம் இதுதான். இந்தக் கெடுபிடி சிரியர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை, குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பவர்களுக்கே உதவியது.

அப்புறம் அங்கே பிறந்த சிரியப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். மருத்துவச்சி எழுதிய சீட்டை முக்தாரிடம், அதாவது ஊர்த் தலைவரிடம், கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு வட்டாரப் பதிவு அலுவலகம், அதற்கு மேல் வெளிநாட்டவருக்கான பதிவேடு. ஓராண்டுக்குள் பதியாவிட்டால் நீதிமன்றம் போக வேண்டும். பெற்றோருக்குத் தங்கும் அனுமதி இல்லாவிட்டால் பாதி வழியிலேயே எல்லாம் நின்றுபோனது. அந்த நிபந்தனையை 2017இல் தளர்த்தினார்கள். நல்ல முடிவு, முதல் நாளே எடுத்திருக்கலாம்.

லெபனான் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இந்தியாவும் இடவில்லை, 1983 முதல் வந்த ஈழத் தமிழர்களின் பிள்ளைகள் இங்கே எத்தனை காகிதங்களுக்காக அலைந்தார்கள் என்பது நேயர்களுக்குத் தெரியும்.

2019இல் லெபனானின் பொருளாதாரம் சரிந்தது. மறு ஆண்டு பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. சோற்றுக்கே தட்டுப்பாடான நாட்டிடம் பணம் கேட்க எனக்கு மனமில்லை, அதைப் பணக்கார நாடுகள்தான் தர வேண்டும். ஆனால் பதிவு செய்து ஒரு முத்திரை குத்த அதிகம் செலவாகாது. 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்த பிறகு பல குடும்பங்கள் அங்கே திரும்புகின்றன. பெக்காவில் பிறந்த பிள்ளை அங்கே பள்ளியில் சேரவும், தாத்தாவின் நிலத்தில் பங்கு கேட்கவும், தான் யார் பிள்ளை என்று காட்டியாக வேண்டும். வண்டி ஏறும் முன்பே அந்தப் பதிவுகளை முடித்துக் கொடுக்க லெபனான் அரசால் முடியும்.

நன்றி, வணக்கம்.