பழசா, புதுசா?

வணக்கம் நேயர்களே.

சமூக அறிவியல் கோட்பாடுகள் மனிதர்களின் நடத்தையை எப்படி விளக்குகின்றன என்று பதினைந்து நிமிடம் பேசச் சொல்லி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். முப்பது வருடம் கல்லூரியில் இதைத்தான் நடத்தினேன். ஒரு வருடம்கூடப் பாடத்திட்டம் முழுதாக முடிந்ததில்லை. அத்தனை கோட்பாடுகளையும் இங்கே அடுக்கினால் நீங்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதனால் ஒரே ஒரு நோட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டு மொய் நோட்டு.

1983இல் என் அக்கா கல்யாணத்தில் எழுதியது. அம்மா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் கிடைத்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே வரிவரியாக ஊர், பெயர், தொகை. 11, 21, 51 என்று போகும். தாய்மாமன் மட்டும் 501. பேனா பிடித்தது பெரியப்பா. பக்கத்தில் உட்கார்ந்து பணத்தை வாங்கி மஞ்சள் பையில் போட்டது நான்.

பெரியப்பாவின் வேலை அன்றோடு முடிந்தது. அம்மாவின் வேலை அன்றுதான் ஆரம்பித்தது. யார் வீட்டிலிருந்தாவது பத்திரிகை வந்தால், அன்று ராத்திரி நோட்டு வெளியே வரும். "அவங்க நமக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு பாரு" என்பார். நான் தேடிச் சொல்ல வேண்டும். விசேஷத்துக்குப் போய்த் திருப்பிச் செய்துவிட்டு வந்ததும் அந்த வரியின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு விழும். பக்கத்தில், செய்த தொகை. 11க்கு 21. 21க்கு 51. வாங்கியதை அப்படியே திருப்பிச் செய்த வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஒரு பங்காளி வீடு. எல்லைத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன வருடம். 21க்கு 21. அதோடு அவர்கள் பெயர் எங்கள் வீட்டில் அடிபடவே இல்லை.

சரி, இதில் கோட்பாடு எங்கே வருகிறது?

அமெரிக்காவில் ஜார்ஜ் ஹோமன்ஸ் என்ற சமூகவியலாளர் 1958இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர்கள் பழகுவதே ஒருவகைக் கொடுக்கல் வாங்கல்தான். பணம் மட்டும் கைமாறுவதில்லை. மதிப்பு, பாராட்டு, உதவி எல்லாமே கைமாறுகின்றன. எவ்வளவு போட்டோம், எவ்வளவு வந்தது என்று மனம் உள்ளுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பரிவர்த்தனைக் கோட்பாடு என்று இதைச் சொல்வார்கள். மொய் நோட்டைக் காட்டினால் ஹோமன்ஸ் துள்ளிக் குதித்திருப்பார்.

1971இல் டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். இரண்டு பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஆய்வாளருடைய ஆள்; மற்றவருக்கு அது தெரியாது. இடைவேளையில் அந்த ஆள் வெளியே போய்விட்டு இரண்டு கோக்க கோலாவோடு வருகிறார். "உனக்கும் ஒன்று வாங்கினேன்." அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பரிசுச் சீட்டு விற்கிறேன், வாங்கிக்கொள்கிறாயா?" என்று கேட்கிறார். கோக்க கோலா குடித்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த ஆளைச் சிலருக்குப் பிடிக்காமல் போகும்படியும் சோதனையில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பிடிக்காதவர்களும், குடித்த பாவத்துக்கு, சீட்டு வாங்கினார்கள். கேட்காமல் கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பே இல்லாமல் கையில் வந்து விழுந்தது. அதுவும் கடனாகிவிடுகிறது.

ஆனால் ஹோமன்ஸின் கணக்கு எனக்கு முழுதாக ஒட்டவில்லை. கணக்குதான் எல்லாம் என்றால் கணக்கைத் தீர்ப்பவன் நல்லவன். எங்கள் நோட்டில் கணக்கை ரூபாய் சுத்தமாகத் தீர்த்தது சண்டைக்காரர் வீட்டோடுதான். "அவன் கணக்கை முடிச்சாச்சு" என்று நாம் எந்தத் தொனியில் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைப் பிடித்தவர் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர். சமூகவியலின் முன்னோடி எமில் துர்கைமின் மருமகன், அதாவது அக்காள் மகன். 1925இல் அன்பளிப்பைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். பாரிசில் உட்கார்ந்தபடியே, கடல் கடந்து போனவர்கள் எழுதியதையெல்லாம் படித்து எழுதியது. அதில் முக்கியமான சாட்சி மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர். பப்புவா நியூகினியின் கிழக்கே ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கியிருந்தவர். அங்கே ஆண்கள் தோணியில் ஏறி, அலைக்குப் பயந்துகொண்டே, தீவு தீவாகப் போவார்கள். எதற்கு? சிவப்புச் சிப்பி மாலையை ஒரு திசையிலும் வெள்ளைச் சங்கு வளையத்தை எதிர்த்திசையிலும் கைமாற்றுவதற்கு. அந்த வளையம் பெரும்பாலும் கையில் போடவே ஆகாது. விற்கவும் முடியாது. வாங்கியவன் கொஞ்ச நாள் வைத்திருந்து அடுத்தவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சுற்றிச் சுற்றி வருவது பொருள். நிலைத்து நிற்பது, இன்ன தீவில் எனக்கு இன்னார் இருக்கிறார் என்ற தைரியம்.

மோஸ் மூன்று கட்டாயங்களைச் சொன்னார். கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும். நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். வாங்க மறுப்பதும் குற்றம். கல்யாண வீட்டில் "மொய் வேண்டாம்" என்று பத்திரிகையில் அச்சடிப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் என் சித்தி அப்படி ஒரு பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "அப்ப நாளைக்கு நம்ம வீட்டுக்கு வர மாட்டாங்களா?" என்று கேட்டார். மோஸைப் படிக்காதவர். ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பிற்பாடு பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் வந்து ஒரு விஷயத்தைச் சேர்த்தார். அல்ஜீரியாவில் கபைல் மக்களின் மலைக் கிராமங்களில் ஆய்வு செய்தவர். கால இடைவெளியை மோஸ் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர் கருத்து. கொடுத்த பொருளை உடனே, அதே பொருளாகத் திருப்பினால் அது முகத்தில் எறிவதற்குச் சமம். கொஞ்ச நாள் போக வேண்டும். கொஞ்சம் வேறுபட வேண்டும். அந்த இடைவெளிதான் கொடுக்கல் வாங்கலை அன்பளிப்பாகக் காட்டுகிறது.

இதற்கு அல்ஜீரியாவரை போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்பு வருகிறது. கிண்ணத்தைக் கழுவி வைக்கிறோம். அன்றே அதில் நம் வீட்டுக் குழம்பை ஊற்றி அனுப்புவோமா? மாட்டோம். வெறும் கிண்ணமாகக் கொடுப்போமா? அதுவும் மாட்டோம். இரண்டு நாள் அடுப்படி மேடையில் அந்தக் கிண்ணம் உட்கார்ந்திருக்கும், நினைவூட்டுவதுபோல. வீட்டில் பணியாரம் சுடும் அன்று நாலு போட்டுப் போகும். எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டு அனுப்புவார் அம்மா. யாரும் இதை விதியாகச் சொல்லித் தந்ததில்லை. பூர்தியு எழுதியதில் எனக்கு ரொம்ப நாள் புரியாத ஒரு பகுதியை அந்தக் கிண்ணத்தை நினைத்துத்தான் வகுப்பில் நடத்தினேன்.

மொய்யின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடி, ஆவணியில் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமோ, தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணி பக்கமோ போக வேண்டும். மொய் விருந்து. கல்யாணம், காதுகுத்து எதுவும் தேவையில்லை. மொய் வாங்குவதற்காகவே விருந்து. செலவைப் பங்கிட்டுக்கொண்டு பல குடும்பங்கள் ஒரே பந்தலில் நடத்தும். ஆட்டுக்கறிச் சாப்பாடு. ஒவ்வொருவர் பெயருக்கும் தனியாக ஒரு பாத்திரம், தனியாக ஒரு நோட்டு. பணம் எண்ண இயந்திரம்கூட வந்துவிட்டது. வட்டியில்லாமல் கையில் மொத்தமாக ஒரு தொகை விழும். அதில் ஆழ்துளைக் கிணறு போடலாம், கடை வைக்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். பிறகு வருடக்கணக்கில் மற்றவர்கள் விருந்துக்குப் போய்த் திருப்ப வேண்டும், மேலே கொஞ்சம் சேர்த்து. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. இதை வங்கி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வருமானமே விழுந்து கிடக்கும்போது, பழைய மொய்யைத் திருப்ப வேண்டிய நாள் வந்து நிற்கும். வங்கிக் கடனென்றால் தவணை தள்ளி வைக்கக் கேட்கலாம். மொய்யில் யாரிடம் மனு கொடுப்பது? ஊர் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அங்கே ஜாமீன்.

விலை வேறு, கடமை வேறு என்பதற்கு இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். 2000இல் வெளியானது. குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் நேரம் தாண்டி வந்ததால் 10 காப்பகங்களில் 6இல் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை 'டீச்சர் காத்திருப்பாங்களே' என்று ஓடிவந்தவர்கள், 'அதான் காசு கொடுக்கிறோமே' என்று நிதானமாக வந்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை. நம் மண்டபங்களில் "இலைக்கு 400 ரூபாய் ஆகுது, அதுக்காவது மொய் வெச்சாங்களா?" என்று முணுமுணுப்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹைஃபாதான் ஞாபகம் வரும்.

நம் பழம்புலவர் ஒருவர் ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, இந்தப் பிறவியில் கொடுத்தால் மறுபிறவிக்கு ஆகும் என்று கொடுக்கும் 'அறவிலை வணிகன்' அல்லன் அவன் என்றார். புறநானூற்றில் இருக்கிறது. அப்படி ஒரு சொல்லை உண்டாக்க வேண்டியிருந்தது என்றால், அப்படிப்பட்ட வணிகர்கள் அப்போதும் நிறைய இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கூகுள் பே, போன் பே குறியீட்டை அச்சடித்தது நாடு முழுக்கச் செய்தியானது. கொரோனா காலம், வர முடியாதவர்கள் அனுப்பட்டும் என்பதற்காக. ஏன் அத்தனை பேர் சிரித்தார்கள்? சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் என்றால், மனிதர்கள் மேடையில் ஒரு மாதிரியும் திரைக்குப் பின்னால் ஒரு மாதிரியும் இருப்பார்கள், பின்னால் இருக்க வேண்டியது முன்னால் வந்துவிட்டது என்பார். கவரில் போட்டு, ஒட்டி, கை குலுக்கும் சாக்கில் திணிக்கும் நகரத்து மொய்க்கு அது சரி. ஆனால் எங்கள் ஊரில் ஒலிபெருக்கியில் தொகையைச் சொல்லித்தான் எழுதுவார்கள். அங்கே காசு திரைக்குப் பின்னால் போனதே இல்லை. காஃப்மன் பாதி ஊருக்குத்தான் செல்லுபடியாவார்.

இன்னொன்று. இந்த நோட்டில் இருக்கும் பெயர்களெல்லாம் ஆண்கள். ட்ரோப்ரியாண்ட் தீவுகளுக்கு 1971இல் அனெட் வைனர் என்ற மானுடவியலாளர் போனார். சாவுச் சடங்கில் பெண்கள் வாழை இலைக் கட்டுகளையும் பாவாடைகளையும் குவித்து வைத்துப் பங்கிடுவதைப் பார்த்தார். அந்தத் தீவின் செல்வத்தில் ஒரு பெரிய பங்கு அது. மாலினோவ்ஸ்கி அதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை, தோணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். அதைப் படித்த அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பார்த்தேன். எவர்சில்வர் குடம், தூக்கு, தாம்பாளம். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. அத்தைகள், சித்திகள், அம்மாவின் சிநேகிதிகள். பெண்களின் மொய் நோட்டு அலமாரியில் அடுக்கியிருந்தது. நாற்பது வயதுவரை அதில் தண்ணீர் குடித்தேன், படிக்கவில்லை.

திருப்பிச் செய்ய முடியாதவர்களைப் பற்றி பீட்டர் பிளா என்ற சமூகவியலாளர் 1964இல் எழுதினார். வாங்கியதற்கு ஈடு கொடுக்க வழியில்லாதவன் பணிவைக் கொடுக்கிறான். அதிகாரம் அப்படித்தான் பிறக்கிறது என்று. இங்கே அதோடு சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொய்யை வாங்கிக்கொண்டு, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய்க் கை நனைக்காமல் வந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் உறவிலேயே தெரியும்.

இந்த நோட்டில் சிவப்புக் கோடு விழாத வரி ஒன்று இருக்கிறது. 'மேலத்தெரு சைக்கிள் கடை, 51.' மற்ற மாமாக்களே 21 எழுதிய கல்யாணத்தில், அந்தக் கடைக்காரர் 51 எழுதியிருக்கிறார். ஏன் என்று தெரியவில்லை. அவருக்கு ஒரே மகன், பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டதால் எந்த விசேஷமும் இங்கே நடக்கவில்லை என்று சித்தி சொன்னார். போன தை மாதம் அந்த மகன் ஊருக்கு வந்து தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். எங்களுக்குப் பத்திரிகை இல்லை. 1983இன் 51 ரூபாய் இன்றைக்கு எவ்வளவு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்க விலையில் ஒன்று வந்தது, அரிசி விலையில் வேறொன்று வந்தது. சித்தி காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, "வாத்தியார் வேலையெல்லாம் போதும், சட்டையை மாத்திட்டுக் கிளம்பு" என்றார்.

மண்டப வாசலில் மொய் மேசை. இளவட்டம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ஊர் சொன்னேன், அப்பா பெயர் சொன்னேன். தலையைத் தூக்காமல் கேட்டார்: "பழசா, புதுசா?"

பின்னால் வரிசை நின்றது. 1,001 ரூபாயை மேசையில் வைத்தேன்.

"பழசு 51. மீதி 950 புதுசு."

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு வரியாக எழுதிக்கொண்டார்.