நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்ற பருத்தி ஜிக்ஜாக் போர்வை: ஒரே ஒரு வரி தெரிந்தால் போதும்

வணக்கம், எல்லாரும் சௌக்கியமா? காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு மடியில் இருப்பது இதோ, இரண்டு ஊசியில் பின்னுகிற நிட்டிங் வேலை, இந்த வரிவரியான ஜிக்ஜாக் போர்வை. பாதிக்கு மேல் வந்துவிட்டது, அதனால் இதை எப்படிப் பின்னுவது என்று ஊசியில் இருக்கும்போதே முழுதாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியில், மேசை விரிப்பு போட்ட கை. நான் இதை ஆரம்பித்ததுமே, "ஏன் ஆத்தா, இந்த வெக்கையில போர்வை யாருக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கம்பளியிலோ அக்ரிலிக்கிலோ பின்னினால் இந்த ஊரில் அது பீரோவுக்குள்தான் இருக்கும். அக்ரிலிக் உல்லன் விலை குறைவு, நிறம் நிறைய, எல்லாம் சரி, ஆனால் வேர்வையை உறிஞ்சாது, போர்த்திய கொஞ்ச நேரத்தில் உடம்பு கசகசவென்று ஆகிவிடும். பருத்தியில் பின்னினால் கதையே வேறு. மார்கழி, தை மாதத்தில் வளவில் (வீட்டு உள்முற்றத்தைச் சுற்றின இடம்) படுப்பவர்களுக்கும் சரி, ஏசி அறையில் தூங்குபவர்களுக்கும் சரி, மதியம் ஊஞ்சலில் காலை நீட்டுகிறவர்களுக்கும் சரி, மேலே ஒன்று வேண்டும், ஆனால் அது புழுங்கக் கூடாது. இந்த ஜிக்ஜாக்கில் ஒவ்வொரு மேட்டிலும் சின்னச் சின்னத் துளை விழுகிறது பாருங்கள், அது வழியாகக் காற்று போகும். நம் ஊருக்கு இதுதான் பொருத்தம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நூல் வாங்கும்போது 8 பிளை (நூலின் தடிமனைச் சொல்கிற அளவு) பருத்தி நூல் என்று கேளுங்கள். திருப்பூர்ப் பக்கம் பனியன் துணிக்கு ஓடுகிற நூல் கிடைக்கிறதே, அதில் பின்னலாமா என்றால், அது 30, 40 கவுண்ட் நூல் (கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெல்லிசு), ரொம்ப மெல்லிசு. பல இழை சேர்த்துப் பிடித்தால்தான் கையால் பின்ன முடியும், பழக்கம் இல்லாதவர்களுக்கு இழை பிரிந்து பிரிந்து வரும். ஒரு மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் நீளம் என்றால் முக்கால் கிலோவை ஒட்டி நூல் பிடிக்கும். கொஞ்சம் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நிறம் என்று சொல்லித் தந்தாலும் அடுத்த சாயத்தில் வந்த நூல் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

ஊசி 4 மி.மீ., நடுவில் கேபிள் இருக்கிற வட்ட ஊசி, 80 செ.மீ.க்குக் குறையாமல். வட்டமாகப் பின்னப் போவதில்லை, போய்த் திரும்பித்தான் பின்னுகிறோம், ஆனால் பருத்தி கனம். நேர் ஊசியில் அந்தக் கனம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும், இதில் மடியில் கிடக்கும்.

சரி, இப்போது அந்த ஒரு வரி. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். ஊசியில் இருக்கிற ஒவ்வொரு வளையமும் ஒரு கண். நிட் என்றால் நூலைப் பின்னால் வைத்துப் போடுகிற சாதாரணப் பின்னல், பர்ல் என்றால் நூலை முன்னால் வைத்துப் போடுகிற அதன் மறுபக்கம். ஒரு கண் நிட். நூலை முன்னால் கொண்டுவந்து ஊசி மேல் ஒரு சுற்று, அதுதான் யார்ன் ஓவர். நான்கு நிட். அப்புறம் மூன்று கண்ணை ஒன்றாக்க வேண்டும். மறுபடி நான்கு நிட், ஒரு யார்ன் ஓவர். அவ்வளவுதான், இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் ஒரு கண் நிட். திரும்பி வரும் வரி முழுக்க பர்ல், அதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

யார்ன் ஓவர் விழுகிற இடத்தில் கண் கூடுகிறது, அதனால் வரி அங்கே மேலே எழும்புகிறது. மூன்று ஒன்றாகிற இடத்தில் குறைகிறது, அங்கே வரி கீழே இறங்குகிறது. கூடினது இரண்டு, குறைந்தது இரண்டு, கணக்கு நேராகிவிடும், ஒரு தடவைக்கு எடுக்கிற 12 கண் (1, 4, 3, 4) 12 கண்ணாகவே இருக்கும். தறியில் பாவும் ஊடும் நேர்க்கோட்டில் ஓடுகிற மாதிரி இதில் எதுவும் ஓடுவதில்லை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மாட்டின வளையம், அதனால்தான் இரண்டு இடத்தில் கூட்டி ஒரு இடத்தில் குறைத்தாலே துணி முழுக்க வளைந்து கொடுக்கிறது.

அந்த மூன்றை ஒன்றாக்குவதை மட்டும் நிதானமாகப் பாருங்கள். முதல் இரண்டு கண்ணையும் சேர்த்து, நிட் போடப் போகிற மாதிரி ஊசியை நுழைத்து, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றுங்கள். மூன்றாவதை நிட் போடுங்கள். மாற்றின இரண்டையும் அதன் மேல் தூக்கித் தாண்டி விடுங்கள். இப்படிச் செய்தால் நடுக்கண் மேலே வந்து உட்காரும், வரிக்கு வரி அது ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, இதோ என் நகம் போகிற இடம், நேராக ஒரு முதுகெலும்பு எடுத்த மாதிரி நிற்கிறது பாருங்கள். ஒரு கண்ணை மாற்றி, இரண்டைச் சேர்த்துப் பின்னித் தாண்டுகிற முறையும் உண்டு, எண்ணிக்கை சரியாகவே வரும், ஆனால் அந்தக் கோடு ஒரு பக்கமாகச் சாயும். ஜிக்ஜாக்கின் அழகே இந்தக் கூர்மைதான், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆரம்பத்தில் ஊசியில் எத்தனை கண் ஏற்றுவது? 12-இன் மடங்கு, கூட ஒன்று. என் கைக்கு 12 கண், கழுவிக் காய்ந்த பிறகு, சுமார் 5 செ.மீ. வருகிறது. ஒரு மீட்டருக்கு 20 மடங்கு, 240, அதோடு ஒன்று, 241. இரண்டு ஓரத்துக்கும் நான்கு நான்கு சேர்த்து 249. அந்த ஓரக் கண்களை இரண்டு பக்கமும் நிட்டாகவே போடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதனால் இரண்டு மடங்கு மட்டும் ஏற்றி ஒரு சின்னத் துண்டு பின்னி, கழுவி, காயவைத்து, அப்புறம் அளந்து பாருங்கள். கழுவாமல் அளக்கிற இடத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

அடி ஓரத்துக்கு முதல் ஆறு வரி திரும்பி வரும்போதும் நிட்டே போடுங்கள், ஆனால் கூட்டலும் குறைத்தலும் முதல் வரியிலிருந்தே இருக்கட்டும். அடியை மட்டும் நேராகப் பின்னினால் மேலே வருகிற அலை அதை இழுத்துச் சுருக்கிவிடும்.

ஒரு 12 கண்ணுக்கும் அடுத்த 12 கண்ணுக்கும் நடுவில், ஊசியில், வேறு நிற நூலில் ஒரு சின்ன வளையம் மாட்டுங்கள். பர்ல் வரியில் வரும்போது வளையத்துக்கு வளையம் 12 இருக்கிறதா என்று ஓடுகிற ஓட்டத்தில் பார்த்துவிடலாம். 11 இருந்தால் அநேகமாக ஒரு யார்ன் ஓவர் விட்டுப்போயிருக்கும். பிரிக்க வேண்டாம். அந்த இடத்தில் இரண்டு கண்ணுக்கு நடுவே ஓடுகிற இழையை ஊசியால் தூக்கி அதையே ஒரு கண்ணாகப் போட்டுவிடுங்கள்.

இப்போது நிறம், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின நம் கண்டாங்கிச் சேலையை எடுத்து விரித்துப் பாருங்கள். அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு, பட்டையான கரை. நிறம் மூன்று இருந்தாலும் எல்லாம் ஒரே அளவில் இருக்காது, ஒன்று பெரியதாக நிற்கும், ஒன்று அதை வெட்டிவிடும். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்: அரக்கு 12 வரி, கடுகு மஞ்சள் 2 வரி, கருப்பு 4 வரி, மறுபடி மஞ்சள் 2. எல்லா நிறத்தையும் சமமாகப் போட்டால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். அதுவும் கீழே ஆத்தங்குடி ஓடு பதித்த தரை இருக்கிற வீடு என்றால், பூவும் கட்டமுமாகத் தரையே அவ்வளவு பேசுகிறது, அதன் மேல் ஏழெட்டு நிறத்தில் போர்வையை விரித்தால் இரண்டும் எடுபடாது. மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள், முடிந்தால் அதில் ஒன்று தரையில் இருக்கிற நிறமாக இருக்கட்டும்.

நிறம் மாற்றுவது எப்போதும் நல்ல பக்கத்தில், நிட் வரியின் ஆரம்பத்தில். அப்போதுதான் கோடு கத்தி வைத்து வெட்டின மாதிரி வரும், பின்பக்கத்தைப் பாருங்கள், அங்கே இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்திருக்கிறது. வரி எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நூல் கிளம்பின ஓரத்துக்கே திரும்பி வந்து நிற்கும். நான்கு வரி தூரம் வரைக்கும் வெட்டாமல் ஓரத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்கு மேல் என்றால் 15 செ.மீ. வால் விட்டு வெட்டி, அன்றன்றைக்கே பின்பக்கம் ஊசியால் கோத்துவிடுங்கள். சேர்த்து வைத்தால் கடைசியில் மலைப்பாக இருக்கும்.

அரக்கு நூல் சாயம் விடும், முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினால் தெரிந்துவிடும். முடித்த போர்வையைக் கொடியில் போடவே போடாதீர்கள், ஈரப் பருத்தி தன் கனத்திலேயே நீண்டுவிடும். தண்ணீரைப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி எடுத்து, முற்றத்தை ஒட்டின தாழ்வாரத்தில், நிழலில், பாய் மேல் விரித்து, ஒவ்வொரு முனையையும் விரலால் இழுத்துவிட்டுத் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் முனை அப்படியே நிற்கும்.

கண் ஏற்றுவதைத் தனியாக, மெதுவாக ஒரு வீடியோவில் காட்டுகிறேன், ஊசியே பிடித்துப் பழகாதவர்கள் அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம். மற்றவர்கள் சோதனைத் துண்டை இன்றைக்கே போட்டுவிடுங்கள். வரட்டுமா.