ஆறு நிமிடக் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கோத்தகிரிக் குளிரில், இருட்டிய பிறகு, ஒரு வக்கீல் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமைக்கு முதலில் ஒரு கும்பிடு.

வேலை போன கதையைச் சொல்லச் சொன்னார்கள். அது சின்னக் கதை. சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டார்கள், வேலை குறைந்துவிட்டது என்றார்கள், முடிந்தது. தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் வேலை பார்த்த வருஷம் ஒன்றுக்கு 15 நாள் சம்பளம் தர வேண்டும் என்றது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம். கட்சிக்காரர்களுக்கு அதை எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தவள் நான். ஆனால் வக்கீல் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லை. சிரிக்கலாம், தப்பில்லை. எனக்குச் சிரிப்பு வர ஆறு மாதம் ஆனது.

அங்கே எங்கள் நேரத்தை ஆறு ஆறு நிமிடமாக நறுக்கி எழுதுவோம். மணிக்குப் பத்துத் துண்டு. போன் பேசினால் ஒன்று, கடிதம் படித்தால் இரண்டு. எந்தத் துண்டு எந்தக் கட்சிக்காரர் தலையில் என்று ராத்திரி உட்கார்ந்து நிரப்ப வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மாவிடம் போனில் பேசிவிட்டு வைத்தேன். 'இரண்டு துண்டு' என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை. முன்வரிசையில் இருக்கிறார், இப்போது தெரிந்துவிட்டது.

வீட்டைக் காலி செய்துகொண்டு மேட்டுப்பாளையம் வந்து இறங்கினேன். கோத்தகிரிக்கு நேர் பஸ் நின்றது. ஏறவில்லை, சுற்றுவழி என்று தெரிந்தே குன்னூர் வரை மலை ரயிலில் போனேன். கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடித்தது, நாங்கள் டீ குடித்தோம். 28 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். முப்பது துண்டுக்கும் மேலே, யார் தலையிலும் எழுத வேண்டாதவை! ஐந்தாம் தேதி கடன் தவணை கட்ட வேண்டும் என்ற பயமும் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே என் முதல் கட்சிக்காரர் கட்டபெட்டு பக்கத்துப் பாட்டி. பிளாஸ்டிக் கவரில் மாமனார் பேரில் பட்டா, தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழ். முதல் ஒரு மணி நேரம் பச்சைத் தேயிலை விலை, தோட்டத்துக்குள் வரும் காட்டெருமை, மருமகள். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன், பழைய பழக்கம். அப்புறம் பேச்சோடு பேச்சாக, "மஞ்சூர்ல கட்டிக் குடுத்த நாத்தனார் மட்டும் இப்ப வர்றதில்லம்மா" என்றார். நாத்தனார் என்றால் மாமனாரின் மகள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது சொத்தில் முதலில் பங்கு பெறுகிறவர்களில் ஒருவர். சான்றிதழில் அவர் பெயரே இல்லை. தெரியாமல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் வழக்கு அங்கேயே படுத்திருக்கும். பழைய கணக்கில் நான் மூன்றாவது துண்டிலேயே பாட்டியை எழுப்பி அனுப்பியிருப்பேன்.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஓசில வேண்டாம்மா" என்று ஒரு பை பீன்ஸை மேஜையில் வைத்தார். வக்காலத்தில், அதாவது அவருக்காகக் கோர்ட்டில் ஆஜராக எழுதிக் கொடுக்கும் தாளில், என் பெயர் மட்டும் தனியாக இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுத்த வாரம் நாத்தனாரைத் தேடி மஞ்சூருக்கு பஸ் ஏறினேன். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். அண்ணன் பேச்சை எடுப்பதற்கு முன்னால் அவரும் ஒரு மணி நேரம் காட்டெருமையைப் பற்றித்தான் பேசினார்.