சட்டியை நிரப்பியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"ஸ்வென் நேட்டரின் வாழ்வில் விஞ்சி நிற்பவர் ஆட்டக்காரரா, ஆசிரியரா?" இதுதான் இன்றைய தலைப்பு. அமெரிக்காவின் ஏ.பி.ஏ., என்.பி.ஏ. என்ற இரண்டு தொழில்முறைக் கூடைப்பந்து லீகுகளிலும் ஆடி, பிறகு பயிற்சியாளரானவர் நேட்டர். ஆசிரியரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி அழகாகப் பேசினார். எண்களாலேயே ஒரு கோட்டை கட்டினார். 1974-75 பருவத்தில் ஏ.பி.ஏ. லீகில் ஆட்டத்துக்குச் சராசரி 16.4 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 1979-80 பருவத்தில் என்.பி.ஏ.வில் சராசரி 15.0 ரீபவுண்ட், இரண்டிலும் முதலிடம் என்றார். ஏ.பி.ஏ. 1976-ல் முடிந்துபோனது, ஆகவே இரு லீகிலும் முதலிடம் பிடித்த ஒரே மனிதர் என்ற பெயரை இனி எவரும் பறிக்க முடியாது என்றார். கடைசியில், "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆடத் தெரிந்ததால்தானே சொல்லித்தர முடிந்தது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார்.

அம்மா, உங்கள் எண்களில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. அந்தச் சட்டியை நிரப்பியது யார்?

நேட்டர் 1950-ல் நெதர்லாந்தின் வடக்கே, டென் ஹெல்டர் என்ற கடற்படைத் துறைமுக ஊரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தார்கள். தாய் மறுமணம் செய்துகொண்டு அமெரிக்காவுக்குப் போனார். பிள்ளையும் அவன் சகோதரியும் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தில் வளர்ந்தார்கள். ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஏற்பாட்டில்தான் அவர்கள் தாயிடம் போய்ச் சேர்ந்தார்கள். புது நாடு, புது மொழி. அந்தப் பையன் பிறகு ஆறடி பதினோரு அங்குலம் வளர்ந்தான். ஆனால் உயர்நிலைப் பள்ளி அணியில் அவன் ஆடியதே இல்லை. உயரம் இருந்தால் போதுமென்றால் பள்ளியிலேயே கொடி நாட்டியிருக்க வேண்டுமே? இல்லை நடுவர் அவர்களே. கலிபோர்னியாவில் சைப்ரஸ் கல்லூரி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் முறையாக ஆடக் கற்றார். சட்டி அதுவரை காலி!

அடுத்தது யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம். என் வாதத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள்.

அங்கே பயிற்சியாளர் ஜான் வுடன். 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துத் தேசியப் பட்டங்கள் வென்றவர். அதற்கு முன்பு பள்ளியில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். அணிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவர் நடத்தும் முதல் பாடம் எது தெரியுமா? சாக்ஸ் போடுவது எப்படி! சுருக்கம் விழுந்தால் காலில் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது, அவ்வளவுதான் காரணம். அன்றன்றைய பயிற்சியை நிமிடக் கணக்கில் சின்ன அட்டையில் எழுதிக்கொண்டுதான் அரங்குக்குள் வருவார்.

அவரிடம் நேட்டர் போன காலத்தில் அணியின் சென்டர், அதாவது கூடைக்கு அருகே நின்று ஆடும் உயரமான வீரர், பில் வால்டன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அன்று அவருக்கு மிஞ்சியவர் இல்லை. வுடன் ஒளிக்காமல் சொன்னார்: இங்கே உனக்கு ஆடும் நேரம் அதிகம் கிடைக்காது, ஆனால் நாட்டின் மிகச் சிறந்த சென்டரை நாள்தோறும் பயிற்சியில் எதிர்கொள்வாய். வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் முதல் நாளிலேயே தொடக்க ஐவரில் இடம் கிடைத்திருக்கும். நேட்டர் இங்கேயே இருந்தார். 1971-72, 1972-73 இரண்டு பருவங்களிலும் அணி பருவத்துக்கு முப்பதாக அறுபது ஆட்டங்கள் ஆடி அறுபதையும் வென்றது. அந்த அறுபதில் ஒன்றில்கூட நேட்டர் தொடக்க ஐவரில் இல்லை.

பெஞ்சில் இருந்தவர்! ஆனால் 1973-ல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின் முதல் சுற்றிலேயே, 16-ஆவது ஆளாக, மில்வாக்கி பக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் ஏ.பி.ஏ.வுக்குப் போனார். முதல் ஆண்டிலேயே அந்த லீகின் சிறந்த புதுமுக வீரர் என்ற விருதை வாங்கினார். ஆட்டக்காரரே பெரியவர் என்று சொல்லும் எதிரணி எனக்கு விளக்கட்டும்: தொடக்க ஐவரில் ஒருமுறைகூட இல்லாதவரை இப்படி ஆக்கியது எது? ஆட்டமா? இரண்டு வருடம் மூடிய அரங்குக்குள் நடந்த பாடம்தானே?

ரீபவுண்டையே எடுத்துக்கொள்வோம். கூடைக்குள் விழாமல் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது. குதிக்கத் தெரிந்தவன் பிடிப்பான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வுடன் சொல்லித்தந்தது வேறு. எறியப்படும் ஒவ்வொரு பந்தும் தவறும் என்றே எண்ணிக்கொள், கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொள், பிறகு பந்தைத் தேடிப் போ. இதில் குதிப்பது கடைசியில்தான் வருகிறது. எதிரணித் தலைவி சொன்ன 16.4-க்கும் 15.0-க்கும் உள்ளே இருப்பது இந்தப் பாடம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நேட்டர் 16.4 எடுத்த அதே 1974-75 பருவத்தில், வுடனின் கடைசிப் பருவத்தில், ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் யு.சி.எல்.ஏ. அரங்கில் உட்கார்ந்து, பதினைந்து பயிற்சி நாட்கள் வுடன் பேசியதை எல்லாம் குறித்துக்கொண்டார்கள். 2,326 குறிப்புகள். அவற்றில் பாராட்டு 7 விழுக்காட்டுக்கும் குறைவு. கண்டிப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். மீதியில் பெரும்பகுதி எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற விளக்கம். தட்டிக்கொடுத்தும் திட்டியும் வளர்ப்பதுதான் பயிற்சி என்று நம்பும் எல்லோரும் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு இது பெரிய வியப்பு.

எதிரணியில் இருந்து இப்போது ஒரு குரல் வரும். "அப்படியானால் பெருமை வுடனுக்குத்தானே? நேட்டர் வெறும் மாணவர்தானே?" நியாயமான கேள்வி. பதில், அதன் பிறகு நேட்டர் என்ன செய்தார் என்பதில் இருக்கிறது.

என்.பி.ஏ.வில் சான் டியேகோ கிளிப்பர்ஸ் அணியில் ஆடினார். 1983-ல் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார், அடுத்த ஆண்டு இறுதிச் சுற்று வரை அந்த அணியோடு போனார், பிறகு இத்தாலியிலும் ஆடினார். இவற்றை எதிரணி விரிவாகப் பேசிவிட்டது, நான் தொடவில்லை. ஆடி முடித்ததும் அவர் போன இடத்தைப் பாருங்கள். சான் டியேகோவை அடுத்த எல் கஹோனில் கிறிஸ்டியன் ஹெரிடேஜ் கல்லூரி என்ற ஒரு சின்னக் கல்லூரி. பெரிய அரங்கம் இல்லை, தொலைக்காட்சி வெளிச்சம் இல்லை. அங்கே கூடைப்பந்து அணியைக் கட்டியெழுப்பிப் பயிற்சி கொடுத்தார். என்.பி.ஏ.வில் முதலிடம் கண்ட மனிதர், பந்து பிடிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி வைக்கப் போனார்!

அதோடு நிற்கவில்லை. அன்று அரங்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்த அதே கேலிமோரோடு சேர்ந்து, வுடன் எப்படிக் கற்பித்தார் என்பதையே ஒரு நூலாக எழுதினார். வுடனுக்காக ஏராளமான கவிதைகளும் எழுதினார். அந்த அரங்கில் படித்தவர்களில் நேட்டரைவிடப் புகழ்பெற்றவர்கள் பலர் உண்டு. கற்பித்த முறையைப் பாடம் பாடமாகப் பிரித்து, வகுப்பறை ஆசிரியரும் பயன்படுத்தும்படி எடுத்துவைக்க பெஞ்சில் இருந்தவர்தான் முன்வந்தார். அதில் ஒரு பொருத்தம் இருப்பதாக நான் நினைக்கிறேன். களத்தில் ஓடுகிறவனுக்குத் தன் ஆட்டம் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆசிரியர் யாரிடம் என்ன சொல்கிறார், எப்போது நிறுத்துகிறார், அடுத்த முறை எப்படி மாற்றிச் சொல்கிறார் என்பது முழுதாகத் தெரியும். மாணவன் கற்றுக்கொள்ளும்வரை ஆசிரியன் கற்பித்ததாகாது என்பது வுடன் போற்றிய கொள்கை. அந்தக் கொள்கைக்கு நேட்டரைவிடத் துல்லியமான சாட்சி வேறு யார்?

கடைசியாக ஒரு செய்தி. எதிரணி பெருமையோடு சொன்ன 1979-80 பருவம் இருக்கிறதே, அந்தப் பருவத்தில் கிளிப்பர்ஸ் அணிக்குப் பில் வால்டனும் வந்து சேர்ந்திருந்தார். அதே வால்டன்! காயம் அவரைப் பதினான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடவிடவில்லை. மீதி ஆட்டங்களில் கூடைக்குக் கீழே நின்றவர் நேட்டர். பயிற்சி அரங்கில் வால்டனை நாள்தோறும் தடுத்துக் கற்ற கை, அந்த ஆண்டு லீகிலேயே அதிகப் பந்துகளைப் பிடித்தது.

ஆகவே நடுவர் அவர்களே, அந்தப் 15.0-ஐ எதிரணியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதை எங்கள் அணியின் கணக்கில் எழுதி, ஆசிரியரே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.